கேட்ட விலைக்கே

என் வீட்டுக்காரருக்கு அவருடைய சைக்கிள் கூட்டத்தில் 'ஆஃபர்' என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. யாரோ பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தியது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அவர்கள் எந்த அர்த்தத்தில் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கேலி செய்கிறவர்கள் எல்லோருமே முழு விலை கொடுத்து ஏமாந்த சோணகிரிகள் என்பது அவருடைய அசைக்க முடியாத கருத்து. சோணகிரிகள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பகலில் அவர் டைல்ஸும் குளியலறைச் சாமான்களும் விற்கிற கடையில் மேலாளர். குழாயைத் திருகிப் பார்த்து, வாஷ்பேசினைத் தட்டிப் பார்த்து, "பக்கத்துக் கடையில இதைவிடக் கம்மியா தர்றாங்களே" என்று உதட்டைப் பிதுக்கும் ஜனங்களிடம் காலையிலிருந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர்களை அவருக்கு அறவே ஆகாது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அவர்களைப் பற்றி அவர் சொல்லும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் முகம் கழுவி, டீயை வாங்கிக்கொண்டு, போனை எடுத்து உட்கார்ந்துவிட்டால் அவரும் அதே ஜனங்களில் ஒருவர். சைக்கிள் செயின் விற்கிற, டயர் விற்கிற, ஹெல்மெட் விற்கிற முகம் தெரியாத மனிதர்களிடம் உதட்டைப் பிதுக்க ஆரம்பித்துவிடுவார்.

நான் ஒரு லிஃப்ட் கம்பெனியில் புகார் எடுக்கிற வேலை பார்க்கிறேன். மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் பதறிப்போய்க் கூப்பிடுவார்கள். அவர்களிடம் நிதானமாகப் பேசி, எந்தக் கட்டடம், எத்தனை பேர் உள்ளே என்று கேட்டு, ஆளை அனுப்பிவைக்க வேண்டும். அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது நிதானமான குரல் ஒன்றைத்தான். அது வீட்டில்தான் அதிகம் செலவானது.

தொப்பையைக் குறைக்கத்தான் அவர் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தார். தொப்பை இருந்த இடத்திலேயே இருந்தது. சனி, ஞாயிறுகளில் எங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு போனார். பதினேழு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். ஊருக்கு வெளியே மூடிப்போன கல்குவாரியைச் சுற்றிச் சரளைக் கற்கள் கொட்டிய பாதை ஒன்று மேட்டில் ஏறி, புதர்களுக்குள் புகுந்து இறங்கும். அந்த மேட்டில் அப்பா இறங்கித் தள்ளிக்கொண்டு வரும்போது மகள் ஏறி முடித்துத் திரும்பி வந்துகொண்டிருப்பாள். ஒரே வருஷத்தில் அந்தக் கூட்டத்தில் யாராலும் அவளைப் பிடிக்க முடியாமல் போயிற்று. கூட்டத்தில் பல் டாக்டர் ஒருவர் இருந்தார். தண்ணீர் பாட்டில் மாட்டுகிற கொக்கியின் எடை அதிகம் என்று, அதைக் கழற்றி எறிந்துவிட்டு இறகு போல ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவர். அவர் வயிற்றை மட்டும் எங்கேயும் கழற்றி வைக்கவில்லை. அவரே பாப்பாவைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு நல்ல வண்டி வாங்கிக் கொடுங்க ஆஃபர். பந்தயத்துக்கு விடுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் காதில் 'வாங்கிக் கொடுங்க' என்பது மட்டும் விழுந்தது.

அன்றிலிருந்து பார்சல்கள் வர ஆரம்பித்தன. துணி காயப் போடுவதற்கென்று எங்கள் வீட்டில் ஒரு சின்ன அறை உண்டு. அதில் துணி காய இடமில்லாமல் போயிற்று. இரண்டுமே இடது கைக்கான கிளவுஸ். ஏதோ ஒரு நாட்டு பேக்கரியின் பெயர் முதுகு முழுக்க அச்சடித்த ஜெர்சிகள், கட்டாக. பக்கவாட்டில் ஒரே எண் போட்டிருந்தாலும் ஒன்று மற்றதைவிட விரல் அளவு நீளமான ஷூக்கள். வீட்டிலிருந்த எந்தச் சக்கரத்துக்கும் பொருந்தாத டயர்கள். பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறும் பிரேக் கட்டைகள். உட்காருகிற இடத்தில் பஞ்சுக்குப் பதில் மிதியடித் துணியை வைத்துத் தைத்தது போன்ற ஷார்ட்ஸ்கள். அதைப் போட்டுக்கொண்டு ஓட்டிவிட்டு வந்த பாப்பா இரண்டு நாள் ஒரு பக்கமாகவே உட்கார்ந்து படித்தாள்.

"எனக்கு இது வேணாம்பா" என்று அவள் சொல்லும் போதெல்லாம் அவர் முகம் சுருங்கிவிடும்.

"உனக்காகத்தானே பாப்பா வாங்கறேன். எனக்கா வாங்கறேன்? இதோட ஒரிஜினல் விலை என்ன தெரியுமா?"

ஒரிஜினல் விலையை அவர் சொல்வார். தான் கொடுத்த விலையையும் சொல்வார். நடுவில் இருக்கிற வித்தியாசத்தைத் தன் உழைப்பில் சம்பாதித்த பணம் என்றே நம்பினார். எத்தனை பெட்டி வாங்குகிறாரோ அத்தனை லாபம். அந்தக் கணக்குப்படி நாங்கள் கோடீஸ்வரர்களாக இருந்திருக்க வேண்டும்.

தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கிற மெக்கானிக்குக்கு இவர் உள்ளே நுழைவதைப் பார்த்தாலே மூஞ்சி கோணிவிடும். "சார், இந்தச் சாமானை மாட்ட நான் வாங்கற கூலி இந்தச் சாமான் விலையவிட ஜாஸ்தி. பரவாயில்லையா?" என்பார். அந்த மனிதரும் யோக்கியர் இல்லை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டதற்கு 'முழு சர்வீஸ்' என்று பில் போடுகிறவர்தான். ஆனால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் திருடன் என்று நினைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசுவது பார்க்க நன்றாக இருக்கும்.

அப்போதுதான் சீட் போஸ்ட் வந்தது.

சைக்கிள் சீட்டைத் தாங்குகிற கம்பிதான் அது. கார்பனில் செய்தது, எடையே இல்லாதது, பெரிய கம்பெனியின் பெயர் பொறித்தது. பெரிய கம்பெனிக்குத்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பந்தயத்துக்கு முந்தின வாரம் அதைப் பழைய இரும்புக் கம்பி இருந்த இடத்தில் மாட்டினார். மாட்டிவிட்டுக் கைத்தராசில் சைக்கிளைத் தொங்கவிட்டு எடை பார்த்தார். எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு இல்லை.

"பழசே இருக்கட்டுமேப்பா. அது நல்லாத்தானே இருக்கு" என்றாள் பாப்பா.

"பந்தயத்துல போய் யாராவது இரும்பைச் சுமப்பாங்களா? பேசாம ஓட்டு."

பந்தயம் அந்தக் குவாரிப் பாதையிலேயே நடந்தது. பாதி தூரம் வரை பாப்பா முன்னால் இருந்தாள். இரண்டாவது சுற்றில் சரளை இறக்கத்தில் சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியபோது அந்தக் கம்பி முறிந்தது. கரும்பு மாதிரி வெடித்து, சிம்பு சிம்பாக நின்றது. சீட் ஒரு பக்கம் பறக்க, அவள் அந்தச் சிம்பின் மேல் சரிந்து விழுந்தாள். தொடையின் பின்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. ஷார்ட்ஸ் தையலோடு பிரிந்து கொடி மாதிரி ஆடியது. யாரோ அவளைத் தோளில் சாய்த்து முதலுதவிக் கூடாரத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கவிழ்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். நர்ஸ் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாப்பா அழவில்லை. தலையணைத் துணியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார். மூச்சு வாங்கியது. கையில் அந்த முறிந்த கம்பியின் இரண்டு துண்டுகளும் இருந்தன. அதைத் தேடிப் பொறுக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

"இதைத் தூக்கிப் போட்டுடாதே" என்று என்னிடம் நீட்டினார். "ரிட்டர்ன் தேதி இன்னும் முடியல."

நான் வாங்கவில்லை. அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனை எடுத்தார். நர்ஸின் தோளுக்கு மேலாக எட்டி, "கொஞ்சம் கையை எடுங்க சிஸ்டர். காயத்தை ஒரு போட்டோ எடுத்துக்கறேன். ரீஃபண்டுக்கு ஆதாரம் வேணும்" என்றார்.

அந்த நர்ஸ் அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பிறகு என்னைப் பார்த்தாள். இந்த மனிதரோடு எப்படி இத்தனை வருஷம் என்று கேட்கிற பார்வை. நான் அவருடைய கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனேன். நிதானமான குரல் வரவில்லை.

"உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"எதுக்கு வெக்கம்? அவன் ஏமாத்திருக்கான். விடறதா?" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

தையல் போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ரீஃபண்ட் வந்தது. எப்படியோ அந்தப் போட்டோவையும் எடுத்து அனுப்பியிருக்கிறார். வந்த பணத்தில் அதே ஆளிடம் அதே கம்பியின் 'மேம்படுத்தின மாடல்' ஒன்றை வாங்கினார். அந்தப் பார்சல் வந்த அன்றைக்குப் பாப்பா எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு அந்தச் சைக்கிளைத் தொடவே இல்லை.

அது அவருக்கு உறைத்தது. மகள் ஓட்டாவிட்டால் அவர் யாருக்காக வாங்குவது? அதனால் ஒரு நாள் பெரிய மனசு பண்ணி, "முழு வண்டியே பாத்துடலாம் பாப்பா. செகண்ட் ஹேண்ட்ல" என்றார். தேடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிற ஒரு பெண் டாக்டரின் கிராவல் சைக்கிள், சரளைப் பாதைக்கென்றே செய்தது. பாப்பாவின் உயரத்துக்குத் தைத்தது போன்ற அளவு. பாப்பா படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். போனை அவரிடம் திருப்பிக் கொடுக்கக் கொஞ்சம் நேரமானது.

மூன்று பேரும் போனோம். தரைத்தளத்தில் வீடு. கூடத்துச் சுவரில் சைக்கிளை ஓவியம் மாதிரி மாட்டியிருந்தார்கள். சாம்பல் நிறம், எங்கேயும் ஒரு பளபளப்பு இல்லை. டயரில் கூடக் கழுவித் துடைத்த சுத்தம். அந்த டாக்டர் இடுப்பில் அகலமான பெல்ட் கட்டிக்கொண்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இனி சைக்கிள் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்றார். சொல்லும்போது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விலையை முன்பே விளம்பரத்தில் போட்டிருந்தார். அது நியாயமான விலை இல்லை. நியாயத்துக்கும் மிகக் கீழே. எனக்கே அது தெரிந்தது.

என் வீட்டுக்காரர் வேலையை ஆரம்பித்தார். சைக்கிளை இறக்கச் சொல்லிச் சுற்றிச் சுற்றி வந்தார். விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பாக்கெட்டிலிருந்து தேய்மானம் பார்க்கிற தகடு ஒன்றை எடுத்துச் செயினில் வைத்து அளந்தார். பெருமூச்சு விட்டார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்துவிட்டு நிறத்தைக் குறை சொல்கிறவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"பெயிண்ட் போயிருக்கே."

"அது கல் பட்ட இடம். கல்லுலதான் ஓட்டினேன்" என்றார் டாக்டர்.

"செயின் தேஞ்சிருக்கு."

"பாதிதான் தேஞ்சிருக்கு. உங்க தகடு அதைச் சொல்லுமே."

"லேடீஸ் ஓட்டின வண்டி வேற. அளவு சின்னது. இதுக்கு ஆள் கிடைக்கறது கஷ்டம் மேடம்."

"கிடைக்கலன்னா சுவத்துலயே தொங்கட்டும். எனக்குப் பாக்க நல்லாத்தான் இருக்கு."

பாப்பா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். அவரை நிறுத்தச் சொல் என்று அர்த்தம். அவரை யார் நிறுத்துவது? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கேட்ட விலையில் சரிபாதியைச் சொன்னார். சொல்லிவிட்டு, "கையில காசு. இப்பவே எடுத்துக்கறோம்" என்று சேர்த்தார். டாக்டர் அவரையே பார்த்தார். மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் நோயாளியின் எடையைக் கண்ணால் அளக்கிற பார்வையாக இருக்கும்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"டைல்ஸ், பாத்ரூம் ஃபிட்டிங்ஸ் மேடம். பெரிய ஷோரூம்."

"உங்க கிட்ட வந்து யாராவது இப்படிப் பாதி விலைக்குக் கேட்டா என்ன செய்வீங்க?"

"தினமும் கேக்கறாங்களே" என்று சிரித்தார். தொழில் ரகசியத்தைச் சொல்லுகிற உற்சாகம் வந்துவிட்டது. "அதுக்குத்தான் முதல்லயே விலைய ஏத்தி வெச்சிருப்போம்."

"நான் ஏத்தி வெக்கல. கிளம்புங்க."

"மேடம், கோவப்படாதீங்க. இன்னும் கொஞ்சம் வேணா..."

"வண்டியைச் சுவத்துல மாட்டிட்டுக் கிளம்புங்க. என்னால குனிய முடியாது."

அவரே அதைத் தூக்கி மாட்டினார். எங்கள் முகத்தில் ஈயாடவில்லை. வெளியே வந்ததும் அவருக்கு மட்டும் தெம்பு திரும்பிவிட்டது. "பாரு, ரெண்டு வாரத்துல அவளே போன் பண்ணுவா. அவசரப்படறவன்தான் தோப்பான்" என்றார். டாக்டர் அதற்குள் 'அவள்' ஆகியிருந்தார்.

டாக்டர் போன் செய்யவில்லை. என் வீட்டுக்காரருக்கு அந்தச் சமயத்தில் கடையில் ஆண்டுத் தள்ளுபடி நடந்தது. விடிந்ததும் போய் இருட்டிய பிறகுதான் வருவார். ஒரு மத்தியானம் நான் வேலை முடிந்து வந்தபோது துணி காயப்போடும் அறையிலிருந்த எல்லாப் பெட்டிகளையும் கூடத்தில் பரப்பிவைத்து, நடுவில் உட்கார்ந்திருந்தாள் பாப்பா.

"அம்மா, இதெல்லாம் யாருக்கு வாங்கினது?"

"உனக்குன்னுதான் சொன்னார்."

"ஒவ்வொரு தடவையும் அப்படித்தான சொன்னார்?"

"ஆமா."

"அப்போ இது என்னோடது. விக்கப் போறேன்."

நான் ஒரு நொடி யோசித்தேன். கணவனிடம் சொல்லாமல் இப்படிச் செய்யலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. இதை எவன் வாங்குவான் என்றுதான் யோசித்தேன். பிறகு உட்கார்ந்து பெட்டிகளைத் துடைத்துக் கொடுத்தேன்.

அவள் சாமர்த்தியசாலி. அப்பாவின் மகள் அல்லவா? பொய் சொல்லாமல் விற்றாள். 'போலி', 'ஒரு ஷூ நீளம்', 'இரண்டும் இடது கை' என்று உள்ளதை உள்ளபடி எழுதிப் படம் போட்டாள். பேக்கரி ஜெர்சிகளை ஒரு பெயிண்ட் கான்ட்ராக்டர் தன் ஆட்களுக்கு வேலை நேரத்தில் போட மொத்தமாக எடுத்துக்கொண்டார். பொருந்தாத டயர்களைப் பல் டாக்டர் வாங்கினார். அவை அவருடைய மூன்றாவது சைக்கிளுக்குப் பொருந்துமாம். மூன்றாவது சைக்கிள்! மீதியைச் சைக்கிள் கடை மெக்கானிக், பழைய இரும்புக்காரன் மாதிரி சாக்கில் அள்ளிப் போட்டு ஒரு விலை சொன்னார். அந்தப் புதுச் சீட் போஸ்ட்டை மட்டும் பாப்பா யாருக்கும் விற்கவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டாள்.

இத்தனை நாள் 'லாபமும்' சேர்ந்து அந்தச் சைக்கிளின் விலையில் பாதியைத் தாண்டவில்லை. அதாவது அவர் டாக்டரிடம் சொன்ன தொகை. மீதிக்குத் துவைக்கிற மெஷின் மாற்ற நான் சேர்த்துவைத்திருந்ததை எடுத்தேன். பழைய மெஷின் கத்திக்கொண்டேதான் ஓடும். கத்தட்டும். வீட்டில் சத்தம் எங்களுக்குப் பழக்கம்தான்.

இரண்டு பேரும் டாக்டர் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அவர் வரலையா?"

"அவருக்குத் தெரியாது" என்றாள் பாப்பா.

"விலை அதேதான்."

"தெரியும். அந்த விலை கொண்டு வந்திருக்கேன்."

டாக்டர் பூரித்துப்போய் அவளைத் தட்டிக்கொடுத்ததாகவும், பாதியைத் திருப்பிக் கொடுத்ததாகவும் யாராவது நினைத்தால் அவர்களுக்கு அந்த அம்மாளைத் தெரியாது. பணத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தார். பாட்டில் மாட்டுகிற கொக்கியைக் காட்டி, "அது விலையில சேரல. கழட்டிக் கொடுத்துட்டுப் போ" என்றார். பாப்பா கழற்றிக் கொடுத்தாள். பிறகு அலமாரியிலிருந்து கவர் பிரிக்காத ஷார்ட்ஸ் இரண்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "எனக்கு இனி உதவாது. இதுக்குத் தனி விலை" என்றார். அந்த விலையும் அதிகமில்லை. உட்காருகிற இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். நல்ல மெத்தைக்கும் மிதியடிக்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரிந்தது. வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது பாப்பாவின் தொடையிலிருந்த தழும்பு அவர் கண்ணில் பட்டது.

"தையல் யார் போட்டது?"

"பந்தயத்துல டாக்டர் ஒருத்தர்."

"கண்றாவி" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போனது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் மகள் திரும்பி வரும்போது அந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரவில்லை. தெருவில் இறங்கியதும் ஏறி உட்கார்ந்து, ஆட்டோவில் வந்த எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இருட்டிய பிறகு அவர் வந்தார். கூடத்தில் சைக்கிளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் நின்றார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"எவ்வளவு குறைச்சா?"

"குறைக்கல" என்றாள் பாப்பா.

"நீ எவ்வளவு குறைக்கச் சொல்லிக் கேட்டே?"

"கேக்கல."

"கேக்கவே இல்லையா?"

"கேட்ட விலைக்கே வாங்கினேன்பா."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குடும்பத்தில் யாரோ தகாத காரியம் செய்துவிட்டது போல முகம் வெளிறியது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நான் துணி அறைக் கதவைத் திறந்து காட்டினேன். கொடியில் துவைத்த துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கத்துவார் என்று நினைத்தேன். என்னைக் கேட்காமல் எப்படி என்று குதிப்பார், அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"டயர் என்ன விலைக்குப் போச்சு?"

பாப்பா சொன்னாள்.

"பல் டாக்டருக்கா? அந்த ஆளுக்கா அந்த விலைக்குக் கொடுத்தே?" நெற்றியில் அடித்துக்கொண்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டபுளா வாங்கிக் கொடுத்திருப்பேனே! ரெண்டு பேரும் இப்படியா ஏமாறுவீங்க!"

விற்றது அவருக்கு வலிக்கவில்லை. மலிவாக விற்றதுதான் வலித்தது. நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

பிறகு பல நாள் அவர் எங்களோடு சரியாகப் பேசவில்லை. சும்மாவும் இருக்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு போனில் தேடினார். அதே சைக்கிள், அதே வருஷம், அதே அளவு, அதைவிடக் கம்மி விலையில் எங்கேயாவது ஒன்று கிடைக்காதா, எங்கள் மூக்குக்கு நேராக நீட்ட மாட்டோமா என்கிற வெறி. கிடைத்ததெல்லாம் விலை கூடுதலாக இருந்தது. இன்னும் தேடினார். இன்னும் கூடுதலாகவே இருந்தது. கடைசியில் ஒரு நாள் டீயைக் குடித்துக்கொண்டே சைக்கிளை ஓரக்கண்ணால் பார்த்து, "வேல்யூ மோசமில்ல" என்றார். நான் கேட்காத மாதிரி இருந்தேன். மறுநாள் அது "நல்ல வேல்யூ" ஆயிற்று. அடுத்த வாரம் கீழ்வீட்டுக்காரரிடம், "ஒண்ணு பிடிச்சேன் பாருங்க" என்று சொல்வது படிக்கட்டு வரை கேட்டது.

அடுத்த பந்தயத்தில் பாப்பா நான்காவதாக வந்தாள். பல மாதம் ஓட்டாமல் இருந்த காலுக்கு அது பெரிய விஷயம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. மூன்றாவதாக வந்தவள் மேட்டில் எந்த இடத்தில் தன்னைத் தாண்டினாள் என்று யோசித்துக்கொண்டு, புழுதி படிந்த முகத்தோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சைக்கிளைச் சுற்றிக் கூட்டம் கூடியது. பல் டாக்டர் குனிந்து ஒவ்வொரு பாகமாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அபாரம். எங்க பிடிச்சீங்க ஆஃபர்?"

"நான்தான் தேடிப் பிடிச்சேன்" என்றார் என் வீட்டுக்காரர். அது பொய்யும் இல்லை. "ஒரு மயக்க டாக்டர். பயங்கரக் கறார். விடுவனா? நேரா வீட்டுக்கே போயிட்டேன்."

"எவ்வளவு குறைச்சீங்க?"

அவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "கேட்டதுல பாதி."

கூட்டம் வாயைப் பிளந்தது. யாரோ விசில் அடித்தார்கள். அப்போதுதான் பாப்பா பக்கத்திலேயே நிற்பதை அவர் பார்த்தார். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பாட்டிலை மூடினாள். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. எனக்கு மனசு குளிர்ந்தது. சொல்லு பாப்பா, சொல்லிவிடு என்று நினைத்தேன்.

"ஆமா அங்கிள்" என்றாள். "பாவம் அந்த டாக்டர். அழுதுட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக. பாப்பா சிரிக்கவில்லை. சைக்கிளை அவர்கள் நடுவிலிருந்து இழுத்துக்கொண்டு, கால் தளர்வதற்கு மெதுவாக ஒரு சுற்றுப் போய்வருவதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் நன்றி தெரிந்தது. காலில் விழாத குறையான நன்றி. அவர் பொய் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்த முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

காருக்கு நடந்தோம். வழியில் யாரும் காது கேட்கிற தூரத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தி என் பக்கம் சாய்ந்தார்.

"நிஜமாவே அழுதாங்களா?"

"டிக்கியைத் திறங்க" என்றேன்.